ஒற்றைப் படி



பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம். எரேமியா இறைவாக்கினர் அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் வீழப்போகிறது என்று அறிவித்தவரே அவர்தாம். அத்தகைய வேளையில், ஆண்டவரின் சொல்லுக்குப் பணிந்து, அனத்தோத்து ஊரில் இருந்த ஒரு நிலத்தைத் தம் உறவினரிடமிருந்து 17 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். கிரயப் பத்திரம் இரு படிகளாக இருந்தது. ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்த நிலையில் விடப்பட்டது. நெடுநாள் அழியாதிருக்கும்பொருட்டு அவ்விரண்டையும் ஒரு மண்கலத்தில் இடுமாறு பாரூக்கைப் பணித்தார். எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரத்தில் இச்செய்தியைக் காணலாம்.

நாடே கைநழுவிப் போகும் நேரத்தில் ஒரு நிலப்பத்திரத்தின்மேல் இத்துணை அக்கறையா என நமக்குத் தோன்றலாம். அந்த மண்ணில் மக்கள் மீண்டும் வீடு கட்டுவர், வயலும் தோட்டமும் வாங்குவர் என்ற இறைவாக்கை நம்பியவர் அவர். நாளை வரப்போகும் ஒருவனுக்கு அந்த ஏடு தேவைப்படும் என்பதே அவரது எண்ணம். ஆதலின் அவரது அக்கறை நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

இம்மாதம் நம் இல்லங்களில் உள்ள கணிப்பொறியைப் பற்றியும், அதனுள் நாம் சேர்த்து வைத்திருப்பவற்றைக் காக்கும் முறையைப் பற்றியும் எழுத முற்படுகிறோம். பங்குத்தந்தைக்கும் கணிப்பொறிக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நம் பெற்றோர் இரும்புப் பெட்டியிலும் சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்திலும் வைத்துக் காத்தவற்றை இன்று நாம் கணிப்பொறியில் வைக்கிறோம். திருமணப் படங்கள், பிள்ளைகளின் புதுநன்மைப் படங்கள், மறைந்த பெரியோரின் குரல்கள், மதிப்பெண் சான்றிதழ்களின் படிகள், வரவு செலவுக் கணக்கு ஆகிய யாவும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அவை ஒரே நாளில் அழியும்போது குடும்பங்களில் எழும் துயரையும் பிணக்கையும் நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

ஒரு குடும்பத்தின் துயரம்

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கொன்றில் ஒரு தாய் புற்றுநோயால் இறந்தார். மூத்த மகன் கடல் கடந்த நாட்டில் பணியாற்றினார். இளையவர் தந்தையோடு இல்லத்தில் இருந்தார். நோயுற்றிருந்த நாள்களில் அத்தாய் தம் பேத்திக்குச் செபமாலை சொல்லிக் கொடுத்ததையும், தாலாட்டுப் பாடியதையும் இளையவர் படம் பிடித்து, வீட்டு மடிக்கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார். இடம் போதாமையால் செல்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டார். ஆண்டொன்று சென்றது. ஒருநாள் காலை கணிப்பொறி இயங்கவில்லை. உள்ளிருந்து கடிகாரம் போன்ற ‘டிக், டிக்’ ஒலி மட்டும் கேட்டது. அது நின்றுவிடுமென்று எண்ணி, அவர் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தார். பின்னர் நகரத்துக்கு எடுத்துச் சென்றபோது, உள்ளே உள்ள தட்டு கீறிப் போயிற்று, எதையும் மீட்க இயலாது என்று கூறிவிட்டனர்.

செய்தி மூத்தவருக்கு எட்டியது. “அம்மாவை நீ இரண்டாம் முறை சாகடித்துவிட்டாய்” என்று அவர் தம்பியிடம் தொலைபேசியில் கூறினார். அன்றுமுதல் உடன்பிறந்தோர் இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. தாயின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்தபோதும் மூத்தவர் முன்வரிசையிலும் இளையவர் கடைசி வரிசையிலும் இருந்தனர். அவ்வில்லத்துக்கு நாம் பலமுறை செல்ல வேண்டியதாயிற்று.

இதில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. வன்தட்டு பழுதுபட்டதற்கு அந்த இளைஞர் காரணர் அல்லர். தமையன் வைத்திருந்தாலும் அது பழுதுபட்டிருக்கும். பழுதுபடுதல் அப்பொருளின் இயல்பு. அது எவ்வாறு என்பதைச் சற்றே விளக்குவோம்.

பெட்டிக்குள் நிகழ்வது

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு 1956-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் முதன்முதல் விற்பனைக்குக் கொணரப்பட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அப்பொறி 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்றோ சட்டைப்பையில் அடங்கும் ஒரு வன்தட்டு அதைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு தாங்குகிறது.

அளவு மாறினும் அடிப்படை மாறவில்லை. அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன தட்டு. அதன்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. அத்தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. எழுதவும் படிக்கவும் பயன்படும் சிறு முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதந்து செல்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எத்துணைச் சிறிது என எண்ணிப் பாருங்கள். இயங்கிக்கொண்டிருக்கும்போது பெட்டி அதிர்ந்தாலோ கீழே விழுந்தாலோ முனை தட்டில் உரசிக் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்தது படமாயினும் பாட்டாயினும் அது தூளாகிவிட்டது என்றே பொருள். அதிர்ச்சி ஏதுமின்றியும் சுழலும் பொறி தேய்ந்து நிற்கலாம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் மின்சுற்று கருகலாம்.

இப்போது வரும் கணிப்பொறிகள் பலவற்றில் சுழலும் தட்டு இல்லை. எஸ்.எஸ்.டி. எனப்படும் மின்னணுச் சேமிப்பே உள்ளது. கீழே விழுந்தால் அது எளிதில் கெடாது என்பது மெய்யே. எனினும் ஒலி எதுவும் எழுப்பாமல், ஒரே நொடியில் முற்றிலும் அடங்கிப்போவது அதன் இயல்பு. நெடுங்காலம் மின்சாரமின்றி மூலையில் கிடந்தால் அதில் பதிந்தவை மெல்ல மங்கிப்போகவும் கூடும்.

பல்லாயிரக்கணக்கான வன்தட்டுகளை இயக்கிவரும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டு வருகிறது. அதன்படி அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு தட்டுகள் பழுதுபடுகின்றன. குளிரூட்டிய கூடத்தில், சீரான மின்சாரத்தில், யாரும் தொடாத நிலையில் இயங்கும் தட்டுகளின் கணக்கு இது. நம் பங்கில் 300 வீடுகளில் கணிப்பொறி உண்டெனக் கொண்டால், இக்கணக்கின்படியே ஆண்டுதோறும் நான்கைந்து வீடுகளில் இத்துயரம் நிகழும். புழுதியும் வெப்பமும் மின்வெட்டும் உள்ள நம் வீடுகளில் அது மிகுதியாகவே இருக்கும் எனக் கொள்வது அறிவுடைமை.

முன்னறிவிப்பு கிடைக்குமே என்று சிலர் கருதுவர். வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 2007-இல் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் மூவர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, பழுதுபட்டவற்றுள் 36 விழுக்காட்டுக்கும் மேலானவை, வெப்பநிலைக் குறிப்பு நீங்கலாக, எவ்வித அறிகுறியையும் காட்டியிருக்கவில்லை. திருடன் வரும் வேளையை வீட்டுத் தலைவன் அறியான் என நம் ஆண்டவர் உரைத்தது இதற்கும் பொருந்தும் அன்றோ!

திருச்சபையின் பழைய வழக்கம்

அழியக்கூடிய பொருளில் எழுதப்பட்டதை அழியாமல் காப்பது எவ்வாறு? திருச்சபை இவ்வினாவுக்குக் கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டிருந்தது. 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமணப் பதிவேடு ஒன்றைக் கருத்தாகக் காத்து வரவேண்டுமெனப் பணித்தது. 1917-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 470-ஆம் சட்டம், ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் பங்குப் பதிவேடுகளின் உண்மைப்படி ஒன்றை ஆயரகத்துக்கு அனுப்புமாறு கட்டளையிட்டது. குடும்பங்களின் ஆன்ம நிலையைக் குறிக்கும் ஏட்டுக்கு மட்டுமே விலக்கு. இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பும், ஆலய ஆவணங்களின் பட்டியலை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை அவ்வாலயத்திலும் மற்றொன்றை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்குமாறு 491-ஆம் சட்டத்தில் பணிக்கிறது.

இதன் நுட்பத்தை நோக்குங்கள். பதிவேட்டை நல்ல தாளில் எழுதுங்கள், கரையான் அரிக்காத பேழையில் வையுங்கள் என்பதோடு திருச்சபை நிற்கவில்லை. எத்துணைக் காப்பாக வைத்தாலும் ஓரிடத்தில் உள்ளது ஒருநாள் அழியக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, இன்னொரு படி வேறோர் ஊரில் இருக்கச் செய்தது.

அவ்வாறு செய்யப்படாதவை என்னவாயின என்பதைத் தமிழுலகம் கண்ணீரோடு அறியும். 1981-ஆம் ஆண்டு மே இறுதி, ஜூன் தொடக்க நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். அச்சிட்ட நூல்களுக்குப் பிற இடங்களில் படிகள் இருந்தன. அவற்றை மீண்டும் திரட்ட இயன்றது. மறுபடி இல்லாத ஓலைச் சுவடிகளும் கையெழுத்து ஏடுகளுமோ மீளவே இல்லை. தீ இரண்டையும் ஒருபடித்தாகவே எரித்தது. பிறிதோரிடத்தில் படி இருந்ததா இல்லையா என்பதே மீண்டதையும் மீளாததையும் பிரித்தது.

மூன்று படிகள்

இனி, நம் இல்லத்தில் செய்யத்தக்கதைக் கூறுவோம். இத்துறையினர் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என ஒரு நெறியை வகுத்துள்ளனர். அரியவற்றுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும்.

முதற்படி, கணிப்பொறியிலேயே உள்ளது. இரண்டாம் படிக்கு வெளி வன்தட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு டெராபைட் அளவுள்ளது போதும். சாதாரணப் படம் ஒன்று 4 மெகாபைட் எனக் கொண்டால், இரண்டரை இலட்சம் படங்கள் அதில் அடங்கும். குடும்பத்தார் கிறிஸ்துமசுக்குப் புத்தாடை எடுக்கும் செலவுக்குள் அது முடிந்துவிடும். விண்டோஸ் கணிப்பொறியில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்றும், ஆப்பிள் கணிப்பொறியில் ‘டைம் மெஷின்’ என்றும் இதற்கெனவே ஏற்பாடுகள் உள்ளன. ஒருமுறை அமைத்துவிட்டால், வெளித்தட்டை இணைத்ததும் புதியனவும் மாறியனவும் தாமே படியெடுக்கப்படும். அதுவும் கடினமெனத் தோன்றுவோர், படங்களும் ஆவணங்களும் உள்ள கோப்புறைகளை அப்படியே வெளித்தட்டில் நகலெடுத்து, அன்றைய தேதியைப் பெயராக இட்டாலே பெரும்பயன் உண்டு.

மூன்றாம் படி வேறோரிடத்தில் இருக்கவேண்டும் என்றோம். எரேமியா இரு படிகளையும் ஒரே கலத்தில் இட்டார். நாம் அதனினும் ஓரடி முன்செல்ல வேண்டியுள்ளது. கணிப்பொறியும் வெளித்தட்டும் ஒரே மேசைமேல் இருந்தால் திருடன் இரண்டையும் எடுத்துச் செல்வான். வெள்ளம் இரண்டையும் மூழ்கடிக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது எதுவாயினும் நீரில்தான் கிடந்தது. ஆதலின் மற்றொரு வெளித்தட்டை வெளியூரில் வாழும் மகள் வீட்டிலோ உடன்பிறந்தார் வீட்டிலோ வைத்து, ஊருக்குச் செல்லும்போதெல்லாம் புதுப்பித்து வருக. அல்லது இணையவழிச் சேமிப்பில், மக்கள் ‘கிளவுடு’ எனக் கூறுவதில், ஒரு படி வைக்கலாம். ஆதார், வங்கி, நில ஆவணங்களின் படிகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியே வைத்தல் வேண்டும். அவற்றின் மூலப் பத்திரங்களையோ படியெடுத்துவிட்டோம் என்பதற்காக அசட்டை செய்யலாகாது.

எப்போது செய்வது? நேரம் கிடைக்கும்போது என்றால் அந்நேரம் வாராது. முதல் வெள்ளித் திருப்பலிக்குச் செல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அன்று மாலை ஆலயத்திலிருந்து திரும்பியதும், வெளித்தட்டை இணைத்துவிட்டு இரவு உணவுக்கு அமருங்கள். செபமாலை முடிவதற்குள் பணி முடிந்திருக்கும். முதன்முறை மட்டும் சில மணிநேரம் ஆகலாம்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

“என் படங்கள் யாவும் செல்பேசியிலிருந்து தாமே இணையத்துக்குச் சென்றுவிடுகின்றன, எனக்கு வேறென்ன வேண்டும்?” என்று இளைஞர் கூறக் கேட்கிறோம். நல்லதே. ஆயினும் அவ்வேற்பாடுகளுட் பல, இரு இடங்களையும் ஒன்றுபோல் வைத்திருப்பதற்கே அமைந்தவை. செல்பேசியில் ஒரு படத்தை அழித்தால் அங்கும் அது அழியும். குப்பைக்கூடையில் சில நாள்கள் கிடக்கும். பின் அதுவும் இல்லை. கண்ணாடியில் தெரியும் உருவம் இரண்டாம் ஆள் ஆகாது. ஆள் விலகினால் உருவமும் விலகும். ஆகவே, நாம் அழித்தாலும் தான் அழியாத தனிப்படி ஒன்று வேண்டும்.

வெளித்தட்டை எந்நேரமும் கணிப்பொறியிலேயே செருகி வைத்திருப்பது அடுத்த தவறு. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இவ்வகைத் தீநிரல்கள் இணைந்திருக்கும் வெளித்தட்டில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். படியெடுத்து முடிந்ததும் கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். மின்னலும் மின்னழுத்த மாற்றமும் அதனை அணுகா.

திறந்து பார்க்காத படி

படி எடுத்தாயிற்று என்று இருந்துவிடுவதிலும் ஓர் இடர் உண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் சிறுவர் திரைப்படத்தைக் கணிப்பொறியில் உருவாக்கிக்கொண்டிருந்தனர். யாரோ தவறுதலாக இட்ட ஓர் ஆணையால் படத்தின் பெரும்பகுதி அவர்கள் கண்முன்னே அழிந்தது. கவலை வேண்டா, காப்புப்படி உள்ளது என எண்ணித் திறந்தனர். அது சரிவர இயங்காதிருந்ததைப் பல நாள் கழித்தே அறிந்தனர். அதனை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அப்போது தெரியவந்தது. இறுதியில் அப்படத்தின் பொறுப்பாளருள் ஒருவரான கேலின் சுஸ்மன் என்னும் பெண்மணி, குழந்தை பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்தே பணியாற்றும்பொருட்டு வைத்திருந்த கணிப்பொறியில் ஒரு படி இருப்பது நினைவுக்கு வந்தது. அதனைக் கம்பளிகளால் சுற்றிக் காரில் ஏற்றி, கைக்குழந்தையைக் கொணர்வதுபோல் மெல்லக் கொணர்ந்தனர். படம் பிழைத்தது, 1999-இல் திரைக்கு வந்தது.

முன்னர்க் கூறிய குடும்பத்திலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. தாயின் உடன்பிறந்தவர் ஓர் அருட்சகோதரி. அவரது பழைய செல்பேசியில், இளையவர் எப்போதோ அனுப்பியிருந்த ஓர் ஒளிப்படத்துண்டு எஞ்சியிருந்தது. இரண்டு நிமிடமும் இராது; உருவம் மங்கல்; தாலாட்டில் நான்கடி மட்டும் தெளிவாகக் கேட்டது. அதனை அச்சகோதரி அவ்வில்லத்தில் இயக்கிக் காட்டியபோது தமையனும் தம்பியும் ஒரே பாயில் அமர்ந்து கேட்டனர். அதன்பின்னும் அவர்கள் இயல்பாகப் பேசிக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், யாரைப் பழித்தாரோ அவர் அனுப்பியதாலேயே அந்தக் குரல் தங்கிற்று என்பதை மூத்தவர் உணர்ந்துகொண்டார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மீட்டது தற்செயல். தற்செயலை இறைவனின் இரக்கம் எனக் கொள்ளலாம். அதனையே நம் ஏற்பாடாகக் கொள்ளுதல் ஆகாது.

ஆதலின் ஆண்டுக்கொருமுறையேனும் வெளித்தட்டில் உள்ளவற்றைத் திறந்து பாருங்கள். இயலுமாயின் வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பாருங்கள். படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா, ஆவணம் திறக்கிறதா என ஆங்காங்கே சில கோப்புகளைச் சோதியுங்கள். வெளித்தட்டும் மூப்படையும் பொருளே. ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதியது வாங்கி, பழையதிலுள்ளவற்றை மாற்றிவிடுவது நலம். நம் முன்னோர் பழைய ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதும் இதன்பொருட்டே.

பழுதுபட்ட பின்

படி இல்லாத நிலையில் கணிப்பொறி பழுதுபட்டால் செய்யத்தக்கது யாது? வழக்கத்துக்கு மாறான ‘டிக்’ ஒலியோ உரசும் ஒலியோ கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்குந்தோறும் கீறல் ஆழமாகும். தட்டின் மூடியை வீட்டில் திறக்கலாகாது. ஒரு தூசி போதும் அதனைக் கெடுக்க. குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பார் சொல்லை நம்பாதீர். உள்ளே ஈரம் படியும். தூசியற்ற அறையில் இப்பணி செய்வோரிடம் கொண்டு செல்லுங்கள். செலவு மிகுதி, வெற்றியும் உறுதியன்று. நிலைமையை முன்கூட்டியே கேட்டறிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். குடும்பத் தலைவர் இறந்தபின் கடவுச்சொல் தெரியாமல், நலமாக உள்ள கணிப்பொறியே பூட்டிய கல்லறைபோல் ஆகிவிடும் வீடுகள் உண்டு. புதிய விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் சேமிப்பே பூட்டப்பட்டுள்ளது. பழுதுபார்க்கும்போது 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். அதனையும் இன்றியமையாத கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணவனும் மனைவியும் அதன் இடத்தை அறிந்திருக்கட்டும்.

நமக்கும் பிறர்க்கும்

இவை யாவும் இளைஞர்க்கு எளியவை; முதியோர்க்கு அரியவை. அன்பியத்தில் உள்ள இளைஞரும் இளம்பெண்களும் தம் பகுதியில் தனித்து வாழும் முதியோர் இல்லங்களுக்கு ஆண்டில் ஒரு ஞாயிறு சென்று, அவர்தம் படங்களையும் ஆவணங்களையும் படியெடுத்துக் கொடுத்தால் அது சிறந்ததோர் அன்புப் பணியாகும். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, பேரக்குழந்தைகளைப் படத்தில் மட்டுமே கண்டு மகிழும் பாட்டிக்கு அப்படங்கள் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை வீடு சந்திக்கச் செல்லும் நாம் அறிவோம்.

பங்கு அலுவலகக் கணிப்பொறியில் பதிவேடுகளைத் தட்டச்சுச் செய்யும் பழக்கம் பரவிவருகிறது. தேடுவதற்கு அது துணையாகும். ஆயினும் கையொப்பமிட்ட பதிவேடே மூலம். தட்டச்சுச் செய்ததற்கும் ஒரு படி அலுவலகத்துக்கு வெளியே இருக்கவேண்டும். ஒருவருக்கு 40 ஆண்டுகளுக்குப் பின் திருமணத்துக்கோ குருத்துவத்துக்கோ அத்திருமுழுக்குச் சான்று தேவைப்படும்.

எல்லாவற்றையும் காத்தே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரே விருந்தின் நானூறு படங்களுள் நல்லன இருபதைத் தெரிந்தெடுத்து வைத்தால் பேரப்பிள்ளைகள் வாழ்த்துவர். மண்ணுலகில் செல்வம் சேர்த்தால் பூச்சியும் துருவும் அழிக்கும் என்ற ஆண்டவரின் எச்சரிக்கை வன்தட்டுக்கும் உரியதே. நம் இறந்தோர் இறைவனின் நினைவில் வாழ்கின்றனர். எந்தத் தட்டு கீறினும் அந்த நினைவு கீறாது. தாயின் குரலை இழந்தார்க்கு நாம் கூறும் ஆறுதலும் அதுவே. ஆயினும், அக்குரலைக் கேளாத பேத்திக்கு அதனை ஒப்படைக்கும் கடமை நம்முடையது. பெற்றதைப் பிறர்க்குக் கையளிப்பதே மரபு. நம் விசுவாசமும் அவ்வாறே நம்மை வந்தடைந்தது. யோயாக்கிம் அரசன் எரேமியாவின் ஏட்டை அறுத்துத் தீயிலிட்டபோது, பாரூக்கு வேறோர் ஏட்டில் மீண்டும் முழுவதும் எழுதினான். இறைவாக்கினர் உயிரோடிருந்து சொல்லச் சொல்ல எழுத அவனுக்கு இயன்றது. நம் பெரியோரோ மீண்டும் வந்து சொல்லமாட்டார்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். கல்லறைகளை மந்திரித்து, மெழுகுதிரி ஏற்றி வீடு திரும்பியபின், அன்று மாலை வெளித்தட்டைப் பீரோவிலிருந்து எடுங்கள். கணிப்பொறியில் உள்ளதை விட்டுவிட்டு, அந்தப் படியிலிருந்தே நம் இறந்தோரின் படங்களைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவர் உன் தாத்தா, இது அவர் கட்டிய வீடு, இது அவர் பாடிய பாட்டு எனச் சொல்லிக் கொடுங்கள். படி நலமாக உள்ளதா என்ற சோதனையும் அத்துடன் முடிந்துவிடும். பின்னர் ஓர் இறைவேண்டல் சொல்லி, அதனைக் கழற்றி, இருந்த இடத்தில் வையுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் அவற்றின் நினைவுகளையும் காத்தருள்வாராக.